காயலான் கடையும் கணிப்பொறியும்: இலண்டன், 1968

கணிப்பொறிக் கலை என்றதும் நம் மனத்தில் எழும் சித்திரம் பெரும்பாலும் ஒன்றுதான்: தூசு படியாத திரை, எடையற்ற பிம்பம், கையில் அழுக்குப் படாத கலைஞன். பழைய இரும்பு, அறுந்த கம்பி, உடைந்த பொம்மை, கசங்கிய பயணச்சீட்டு முதலியவற்றைச் சேர்த்து ஒட்டியும் முடுக்கியும் செய்யப்படும் 'அசெம்ப்ளாஜ்' எனும் பொருட்தொகுப்புக் கலையை இதற்கு நேர் எதிரில் வைத்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. இன்று ஒரு காட்சிக்கூடத்தில் இவ்விரண்டும் அருகருகே வைக்கப்பட்டால், பழமையும் புதுமையும் கைகுலுக்குவதாக அழைப்பிதழில் அச்சிட்டுவிடுவார்கள். இந்தப் பிரிவினை வரலாற்றோடு பொருந்துவதாக நமக்குத் தோன்றவில்லை. கணிப்பொறிக் கலை பொதுமக்கள் முன் பெரிய அளவில் வந்து நின்ற ஆரம்பகாலக் கண்காட்சிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு, அங்கே என்னென்ன இருந்தன, அவை எங்கிருந்து வந்தன, பின்னர் என்னவாயின என்று பார்த்தாலே இது விளங்கும்.

அந்தக் கண்காட்சியின் பெயர் 'சைபர்னெட்டிக் செரண்டிபிட்டி'. 1968 ஆகஸ்ட் 2 முதல் அக்டோபர் 20 வரை இலண்டனின் சமகாலக் கலைக் கழகத்தில் (ஐ.சி.ஏ.) நடைபெற்றது. பெயரின் பின்பாதி நமக்கு அண்டை வீட்டுச் சங்கதி. இலங்கையை அரபு, பாரசீக வழக்கில் சரந்தீப், செரண்டிப் என்றார்கள். செரண்டிப்பின் மூன்று இளவரசர்கள், தாம் தேடிப் போகாதவற்றைத் தற்செயலாலும் கூர்மதியாலும் கண்டறிந்துகொண்டே செல்லும் பாரசீகக் கதையொன்று 1557-இல் வெனிஸ் நகரில் இத்தாலிய மொழியில் அச்சாகியது. அக்கதையை மனத்தில் கொண்டு ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கில எழுத்தாளர் 1754 ஜனவரியில் நண்பருக்கு எழுதிய கடிதமொன்றில் உருவாக்கிய சொல்லே 'செரண்டிபிட்டி'. இயந்திரங்களின் தற்கட்டுப்பாடு பற்றிய அறிவியலான சைபர்னெட்டிக்ஸுடன் இச்சொல்லை இணைத்தவர் கண்காட்சியின் அமைப்பாளர் யாஷா ரைக்கார்ட். திட்டமிட்டதும் தற்செயலாய்க் கிட்டியதும் அத்தலைப்பில் சேர்ந்து நிற்கின்றன.

கண்காட்சியின் விதை இலக்கியத்தில் இருந்தது என்பது நம்மைப் போன்றவர்களுக்குச் சற்று மகிழ்ச்சி தரும் செய்தி. 1965-இல் ரைக்கார்ட் இதே கழகத்தில் கவிதைக்கும் ஓவியத்துக்கும் இடைப்பட்ட படைப்புகளைக் கொண்டு ஒரு கண்காட்சி நடத்தினார். எழுத்துகளின் வடிவத்தையே பொருளாகக் கொண்ட 'கான்கிரீட்' கவிதைகள் அதில் இடம்பெற்றன. அவ்வகைக் கவிதையில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டிருந்த ஜெர்மானியத் தத்துவவாதி மாக்ஸ் பென்சே, அடுத்து கணிப்பொறிகளைக் கவனியுங்கள் என்று அவரிடம் சொன்னார். அதே ஆண்டின் தொடக்கத்தில் ஸ்டுட்கார்ட்டில் பென்சேயின் ஆதரவில் கியோர்க் நேஸ் தம் கணிப்பொறி வரைபடங்களைக் காட்சிக்கு வைத்திருந்தார். ஏப்ரலில் நியூயார்க்கின் ஹோவர்ட் வைஸ் காட்சிக்கூடத்தில், பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த மைக்கேல் நோல், பேலா யூலெஸ் ஆகியோரின் படங்கள் வைக்கப்பட்டன.

நோலுக்கு அப்போது ஒரு சிக்கல் வந்தது. தம் படமொன்றுக்கு அவர் காப்புரிமை கேட்டபோது, இயந்திரம் உருவாக்கியதற்குப் பதிவு கிடையாது என்று அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. நிரலை எழுதியவன் மனிதன் என்று அவர் விளக்கியதும், தற்செயல் எண்களால் ஆனது என்று மீண்டும் மறுத்தது. கண்ணுக்குத் தற்செயலாகத் தெரியும் அந்த எண்கள் கணித விதிப்படி பிறந்தவையே என்று விளக்கிய பிறகே பதிவு கிடைத்தது. படைத்தவன் யார் என்ற கேள்வி இன்று செயற்கை அறிவுப் படங்களை முன்வைத்துப் புதிதாக எழுந்ததுபோல் பேசப்படுகிறது. அதற்கு வயது அறுபதாகிறது.

*

1968-இன் கூடத்துக்குள் நுழைவோம். ரைக்கார்டின் கணக்குப்படி பங்களித்த 130 பேரில் 43 பேர் ஓவியர்கள், இசையமைப்பாளர்கள், கவிஞர்கள். மீதி 87 பேர் பொறியாளர்கள், மருத்துவர்கள், கணிப்பொறி வல்லுநர்கள், தத்துவவாதிகள். ஒரு பொருளைச் செய்தவர் கலைஞரா பொறியாளரா என்பதைப் பார்வையாளர் குறிப்பைப் படிக்காமல் கண்டுபிடிக்க முடியாது என்பதில் அவர் பெருமிதம் கொண்டிருந்தார்.

சுவர்களில் கணிப்பொறியின் வரைபடங்கள். ஜப்பானின் 'கம்ப்யூட்டர் டெக்னிக் குரூப்' இளைஞர்கள் செய்த படமொன்றில் ஓடும் மனிதன் படிப்படியாகக் கோலா புட்டியாக மாறி, பிறகு ஆப்பிரிக்கக் கண்டத்தின் வரைபடமாகிறான். கேம்பிரிட்ஜில் மொழி ஆய்வு மையமொன்றை நடத்திய மார்கரெட் மாஸ்டர்மன், ஹைக்கூ எழுத உதவும் நிரலை வைத்திருந்தார். அது ஒரு சட்டகத்தைத் தரும். மனிதன் சொற்பட்டியல்களிலிருந்து தேர்ந்து வெற்றிடங்களை நிரப்ப வேண்டும். அலிசன் நோல்ஸும் ஜேம்ஸ் டென்னியும் சேர்ந்து செய்த கவிதை நிரலோ ஒரு வீட்டைப் பற்றியது. கட்டப்பட்ட பொருள், இருக்கும் இடம், ஒளியின் வகை, குடியிருப்போர் என நான்கு பட்டியல்களிலிருந்து ஒவ்வொன்றை எடுத்துப் புதிய புதிய வீடுகளைக் கட்டிக்கொண்டே போகும்.

தரையிலும் கூரையிலும் வேறு வகைப் பிறவிகள். நாம் ஜூன் பைக் 1964-இல் ஷூயா அபேயின் உதவியுடன் உருவாக்கிய 'கே-456' என்ற ஆளுயர ரோபோ, கம்பியும் உலோகத் துண்டுகளும் ஒலிபெருக்கியுமாகத் தைக்கப்பட்ட எலும்புக்கூடு போல நின்றது. அதன் பெயர் மோட்சார்ட்டின் பியானோ இசைப்படைப்பு ஒன்றின் வரிசை எண். புரூஸ் லேசி தம் நாடகத்துக்காகச் செய்த 'ரோசா போசம்' என்ற இயந்திர நடிகையும் அங்கே இருந்தாள். ழான் தாங்க்லியின் ஓவியம் தீட்டும் இயந்திரங்கள் கடகடவென்று கோடுகளைக் கிறுக்கின. கார்டன் பாஸ்க் கூரையிலிருந்து தொங்கவிட்ட ஐந்து உருவங்களில் இரண்டு ஆண், மூன்று பெண். அவை ஒளியாலும் ஒலியாலும் ஒன்றையொன்று அழைத்துப் பேசிக்கொண்டன. பார்வையாளர்கள் கைவிளக்கோ கண்ணாடியோ கொண்டு அந்த உரையாடலில் குறுக்கிடலாம். எட்வர்ட் இனாட்டோவிச்சின் 'சாம்' என்ற சிற்பம் பூப்போன்ற தலையில் ஒலிவாங்கிகளைப் பொருத்திக்கொண்டு, மெல்லப் பேசுவோர் பக்கம் முதுகுத்தண்டை வளைத்துத் திரும்பியது. உரத்த கூச்சலை அது பொருட்படுத்துவதில்லை. அதன் கவனத்தைப் பெறுவதற்காக மக்கள் நெடுநேரம் நின்றார்கள்.

ஒன்றைக் கவனிக்கலாம். சுவரில் இருந்தவை எண்களிலிருந்து வந்தவை. தரையில் இருந்தவை பொருட்களைப் பொருத்திச் செய்தவை. ஆனால் செய்முறை ஒன்றுதான். எங்கோ வேறு காரியத்துக்காக ஆக்கப்பட்ட துண்டுகளைப் பொறுக்கியெடுத்து, அவற்றின் பழைய வேலையிலிருந்து விடுவித்து, புதிய வரிசையில் இணைப்பது. மாஸ்டர்மனின் சொற்பட்டியலும் பைக்கின் கம்பிக் குவியலும் ஒரே கடைத்தெருவைச் சேர்ந்தவை எனலாம்.

*

அக்கூடத்தில் இருந்தவற்றில் நம்மை அதிகம் யோசிக்க வைப்பது அளவில் சிறிய ஒரு வரைபொறி. அதைச் செய்த டெஸ்மண்ட் பால் ஹென்றி (1921–2004) மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்தவர். 1950-களின் தொடக்கத்தில், போர் முடிந்தபின் மலிவாக விற்கப்பட்ட இராணுவ உபரிப் பொருட்களிடையே ஒரு கருவியைக் கண்டு வாங்கினார். லங்காஸ்டர் விமானங்களில் குண்டுவீச்சுக்குக் குறிபார்க்கப் பயன்பட்ட கணிப்பானின் பகுதி அது. விமானத்தின் வேகம், உயரம், காற்றின் போக்கு ஆகியவற்றைப் பற்சக்கரங்களாலும் தண்டுகளாலும் கணக்கிட்டு, குண்டை எந்தக் கணத்தில் விடுவது என்று சொல்லும் இயந்திரம். எண்களை மின்துடிப்புகளாக மாற்றும் இன்றைய கணிப்பொறி போன்றதல்ல. இயக்கத்தையே கணக்காகக் கொண்ட ஒப்புமைவகைக் கணிப்பொறி.

ஹென்றி அதன் உள்ளுறுப்புகளின் அசைவைப் பல ஆண்டுகள் பார்த்து ரசித்துக்கொண்டிருந்தார். 1960 வாக்கில் அந்த அசைவைத் தாளில் பிடிக்க எண்ணி, பேனாவைப் பொருத்தி வரையும் இயந்திரமாக மாற்றினார். வளைகோடுகள் ஒன்றின்மேல் ஒன்று படர்ந்து, இறகு போலவும் சிலந்தி வலை போலவும் தோன்றும் படங்கள் பிறந்தன. பாகங்களின் தளர்ச்சியும் உராய்வும் கோட்டில் கலந்ததால் ஒரு படத்தை அப்படியே மறுபடி வரைய இயலாது. சில படங்களில் அவரே கையால் மேலும் வரைந்து முடித்தார். கணிப்பொறிக் கலையின் முன்னோடி ஒருவர் உண்மையாகவே காயலான் கடைச் சரக்கிலிருந்து தொடங்கினார் என்பது இங்கே வெறும் உவமை இல்லை. அந்தச் சரக்கு என்ன சரக்கு என்பதையும் நாம் மறக்கலாகாது.

அதே வகை விமானங்களும் பங்கேற்ற தாக்குதலில், 1943 அக்டோபர் 8-9 இரவு, ஜெர்மனியின் ஹனோவர் நகரத்தில் ஒரு வீடு அழிந்தது. பொருட்தொகுப்புக் கலையின் மூலவர்களுள் ஒருவரான குர்ட் ஷ்விட்டர்ஸ் (1887–1948) வாழ்ந்த வீடு. கவிஞரும் ஓவியருமான அவர் 1919 முதல் தம் கலைக்கு 'மெர்ஸ்' என்று பெயரிட்டிருந்தார். அகராதியில் இல்லாத சொல். ஒட்டுச்சித்திரம் ஒன்றில் வங்கி விளம்பரத்தின் 'கொம்மெர்ஸ்' என்ற சொல் வெட்டுப்பட்டு மிஞ்சிய பின்பாதி அது. வணிகம் என்று பொருள்படும் சொல்லின் கிழிந்த துண்டு. முதல் உலகப் போருக்குப்பின் எல்லாம் உடைந்து கிடந்த நாட்டில், உடைந்தவற்றைக் கொண்டே புதியதைச் செய்ய வேண்டியிருந்தது என்பதே அவர் நிலைப்பாடு. பயணச்சீட்டு, மரத்துண்டு, கம்பி, துணி எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. 'மெர்ஸ்பௌ' என்ற பெயரில் தம் வீட்டு அறைகளையே குகைகளும் மாடங்களுமாக ஆண்டுக்கணக்கில் கட்டிவந்தார். குண்டுவீச்சில் போனது அதுதான்.

ஷ்விட்டர்ஸ் அப்போது அங்கில்லை. நாஜிகள் அவருடைய படைப்புகளை 'இழிந்த கலை' என்று இகழ்ந்து காட்சிக்கு வைத்த 1937-இல் அவர் நார்வேக்குத் தப்பியிருந்தார். 1940-இல் நார்வேயும் வீழ்ந்தபின் பிரிட்டனுக்கு வந்து சேர்ந்தார். எதிரி நாட்டவர் என்று மான் தீவின் முகாமில் அடைத்தார்கள். அங்கேயும் அவர் சும்மா இருக்கவில்லை. மிஞ்சிய ஓட்ஸ் கஞ்சியைக் குழைத்துச் சிற்பம் செய்தார். அவை பூஞ்சணம் பிடித்தன. கடைசியாக 1947-இல் வட இங்கிலாந்தின் எல்டர்வாட்டரில் ஒரு கல் கொட்டிலுக்குள் மீண்டும் கட்டத் தொடங்கினார். பிரிட்டிஷ் குடியுரிமை கிடைக்கும் செய்தி வந்த மறுநாள், 1948 ஜனவரி 8 அன்று, ஒரு சுவர்கூட முழுமை பெறாத நிலையில் இறந்தார்.

*

இவருக்கும் 1968-க்கும் என்ன தொடர்பு? ஒரு குடும்பத் தொடர்பு இருக்கிறது. போர்க்கால இலண்டனில் ஷ்விட்டர்ஸுக்கு நண்பர்களானவர்களில் போலந்திலிருந்து வந்த ஸ்டெஃபான் தெமர்சன், ஃபிரான்சிஸ்கா தெமர்சன் தம்பதியரும் இருந்தனர். எழுத்தாளரும் ஓவியருமான அவ்விருவரும் நடத்திய கேபர்பொக்கஸ் பதிப்பகம், ஷ்விட்டர்ஸின் இங்கிலாந்து வாழ்க்கை பற்றிய நூலை 1958-இல் வெளியிட்டது, எழுதியவர் ஸ்டெஃபான். ஃபிரான்சிஸ்காவின் உடன்பிறந்தவரின் மகள்தான் யாஷா ரைக்கார்ட். 1933-இல் வார்சாவில் பிறந்தவர். யூதர்கள் அடைக்கப்பட்ட கெட்டோவிலிருந்து தப்பிப் பிழைத்த சிறுமி. பெற்றோர் நாஜிகளால் கொல்லப்பட்டனர். 1946-இல் இலண்டனுக்கு வந்து இத்தம்பதியரிடம் வளர்ந்தார். அவர் 1968-இல் அமைத்த கண்காட்சியின் அரங்க வடிவமைப்பையும் சுவரொட்டியையும் செய்தவர் ஃபிரான்சிஸ்கா.

ஷ்விட்டர்ஸின் கலைக்கோட்பாடு அப்படியே கணிப்பொறிக் கண்காட்சிக்குள் புகுந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. அதற்கு ஆவணச் சான்று வேண்டும். ஆனால் துண்டுகளைச் சேர்ப்பதன் மேன்மையை அறிந்த ஒரு வீட்டில் வளர்ந்தவர், ஓவியம் எது, பொறியியல் எது, கவிதை எது என்று தடுப்புச் சுவர் எழுப்பாமல் எல்லாவற்றையும் ஒரே கூடத்தில் கோத்ததில் வியப்பில்லை. கண்காட்சியே ஒரு மாபெரும் பொருட்தொகுப்பாக இருந்தது.

இந்த மகிழ்ச்சிக்கு எதிராக ஒரு குரல் எழுந்தது. அதுவும் ஓர் அகதியின் குரல். குஸ்தாவ் மெட்ஸ்கர் 1926-இல் நூரெம்பர்க்கில் பிறந்தவர். 1939-இல் குழந்தைகளை மட்டும் ஏற்றிவந்த இரயில் பயணங்களில் ஒன்றில் பிரிட்டனுக்கு வந்தார். பெற்றோர் படுகொலையில் மாண்டனர். தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் கலையை முன்மொழிந்த அவர், கணிப்பொறியை வெறுத்தவரும் அல்லர். இக்கண்காட்சியின் ஊக்கத்தில் உருவான கணிப்பொறிக் கலைச் சங்கத்தின் 'பேஜ்' என்ற இதழுக்கு ஆசிரியராக இருந்தவர். 1969-இல் அவர் எழுதிய விமர்சனத்தின் சாரம் இது: கணிப்பொறி ஹைக்கூ எழுதுவதைப் பற்றி அங்கே எவ்வளவோ செய்திகள் இருந்தன, நவீனப் போரை நடத்துவது கணிப்பொறியே என்பதற்கு ஒரு சாடைகூட இல்லை. வியட்நாமில் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த காலம் என்பதை நினைவில் கொண்டால் இக்குற்றச்சாட்டின் கனம் புரியும். அதே கண்காட்சியில் பங்கேற்ற ஃப்ரீடர் நாக்கே 1971-இல் இதே இதழில், கணிப்பொறிக் கலை என்ற ஒன்று இருக்கவே கூடாது என்று எழுதினார்.

மெட்ஸ்கரின் கேள்வியை நாம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆயினும் ஒரு திருத்தம் சொல்லத் தோன்றுகிறது. சாடை இருந்தது. ஹென்றியின் வரைபொறி அங்கேதான் கோடு இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு பொருட்தொகுப்பில் துண்டின் பூர்வ வாழ்க்கை முற்றிலும் அழிவதில்லை. ஷ்விட்டர்ஸின் சித்திரத்தில் ஒட்டிய பயணச்சீட்டு, சித்திரமான பிறகும் பயணச்சீட்டாகவே இருந்து, யாரோ எங்கோ போன கதையைச் சொல்கிறது. அந்த அறிவோடு பார்த்திருந்தால் ஹென்றியின் இறகு போன்ற கோடுகளுக்குள் ஓர் இரவுநேர நகரம் தெரிந்திருக்கும். கணிப்பொறிப் படத்தைப் பொருளற்ற, பூர்வீகமற்ற பிம்பமாகப் பார்க்கப் பழகியதால்தான் அது தெரியாமல் போயிற்று. கலை கருவியின் கறையைக் கழுவிவிடும் என்று நாம் நம்பவில்லை. கறையைக் காணக்கூடிய தொலைவுக்கு அதைக் கொண்டுவந்து நிறுத்த முடியும், அவ்வளவே.

*

இறுதியாக, என்ன மிஞ்சியது? கண்காட்சியின் ஒரு பகுதி பின்னர் அமெரிக்காவின் வாஷிங்டனுக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் சென்றது. ஹென்றியின் இயந்திரம் அப்பயணத்திலிருந்து பழுதுற்றுத் திரும்பியது. பாஸ்க்கின் தொங்கும் உருவங்கள் நிலைக்கவில்லை. எஞ்சிய வரைபடங்களையும் புகைப்படங்களையும் கொண்டு 2018-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் மறுபடியும் செய்யப்பட்டன. இனாட்டோவிச் அடுத்துச் செய்த 'சென்ஸ்டர்' என்ற பேருருவச் சிற்பம் 1970-இல் நெதர்லாந்தின் எய்ந்தோவன் நகரில் நிறுவப்பட்டு, சில ஆண்டுகளில் பிரிக்கப்பட்டு, வெறும் இரும்புச் சட்டமாய்த் திறந்தவெளியில் பல்லாண்டுகள் நின்றது. போலந்தின் கிராக்கோவிலுள்ள பல்கலைக்கழகம் ஒன்று 2017-இல் அதை வாங்கிச் சீரமைத்து மீண்டும் அசையவைத்தது. நன்றாகப் பிழைத்தவை காகிதங்களே. கண்காட்சியின்போது மலிவாக அச்சிட்டு விற்ற கல்லச்சுப் படங்களின் தொகுப்பை விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் வாங்கிப் பாதுகாத்தது. 'ஸ்டூடியோ இண்டர்நேஷனல்' இதழின் சிறப்பிதழாக வந்த கண்காட்சி நூல் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. ஷ்விட்டர்ஸின் கொட்டில் சுவர் 1965-இல் பெயர்க்கப்பட்டு நியூகாசிலில் உள்ள ஹேட்டன் காட்சிக்கூடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

நாம் ஜூன் பைக்கின் பிற்காலப் படைப்பொன்றின் கதையோடு முடிக்கலாம். 1988-இல் தென்கொரியாவின் குவாச்சோனில் உள்ள தேசிய நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 1,003 தொலைக்காட்சிப் பெட்டிகளை அடுக்கிக் கோபுரமாக எழுப்பினார். பெட்டிகள் முதுமையடைந்து ஆபத்தாகிவிட்டதால் 2018-இல் அதை அணைத்துவிட்டார்கள். இனி என்ன செய்வது என்று நீண்ட ஆலோசனை நடந்தது. எல்லாவற்றையும் தட்டைத் திரையாக மாற்றிவிடுவது எளிது. ஆனால் அப்போது அது வேறொரு படைப்பாகிவிடும். முடிவில் 737 பெட்டிகளில் பழைய கண்ணாடிக் குழாய்த் திரைகளையே பழுதுபார்த்தும், பிறர் பயன்படுத்திக் கழித்தவற்றைத் தேடிப்பிடித்துப் பொருத்தியும், மீதி 266-இல் மட்டும் தட்டைத் திரையை வைத்தும் 2022-இல் மறுபடியும் ஒளியேற்றினார்கள்.

எடையற்றது என்று நாம் எண்ணும் பிம்பத்தைக் காப்பாற்ற, அருங்காட்சியகத்தார் பழம்பொருள் தேடிக் கடை கடையாக அலைய வேண்டியிருக்கிறது. ஷ்விட்டர்ஸ் சாலையோரம் குனிந்து எதையோ பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்ட வேலைக்கும் இதற்கும் அதிக வேறுபாடு இருப்பதாக நமக்குத் தெரியவில்லை.